கோட் ஷீட்டில் என்ன குறை? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழி

கோட் ப்ளூ (நோயாளியின் இதயம் நின்றால் விடுக்கும் அவசர அழைப்பு) முடிந்ததும் கையில் வரும் பதிவுத்தாளை, அதாவது கோட் ஷீட்டை, வைத்துக்கொண்டு உட்காரும் வேலை எனக்குப் பல வருடமாக இருக்கிறது. முதலில் செவிலியராக நானே எழுதினேன். அப்புறம் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்க்கும் பொறுப்பு வந்தது. வார்டு மாறினாலும் ஆட்கள் மாறினாலும் அதே ஒன்பது கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் கையிலுள்ள தாளில் எந்தக் குறை தெரிகிறதோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் சட்டென்று சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் வரும், மெனக்கெட வேண்டியது பின்னால் வரும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தத் தாளைக் கோப்பில் சேர்ப்பதற்காக எழுதுகிறோம் என்று நினைக்கிற இடத்தில்தான் பாதிக் கோளாறு பிறக்கிறது. "அட்ரினலின் போட்டு நாலு நிமிஷம் ஆச்சு டாக்டர்", "சிபிஆர் நின்னு பத்து செகண்ட் ஆச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டியவர் குறிப்பெடுப்பவர். (அட்ரினலின் இதயத்தைத் தூண்டும் மருந்து, சிபிஆர் நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்மீட்பு.) படுக்கையில் இருப்பவருக்கு அந்தக் குரல் அந்த நிமிடமே உதவுகிறது. நான் பார்த்தவரை, குரல் கேட்ட அறையிலிருந்து வந்த தாள் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது.

## அறிகுறி 1: நேரங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை

தாளில் முதல் ஷாக் 2:14. டீஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின் அதிர்ச்சி, அதாவது ஷாக், கொடுக்கும் கருவி, சுருக்கமாக டீஃபிப்) அச்சிட்ட பட்டையில் 2:21. கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியது 2:10. மூன்றும் ஒரே ஷாக்கைத்தான் சொல்கின்றன.

யார் தப்பு என்று கேட்பதற்கு முன் ஒரு தனிக் காகிதம் எடுங்கள். பட்டையில் உள்ள ஒவ்வொரு நிகழ்வையும் தாளில் உள்ள அதே நிகழ்வோடு ஜோடி சேர்த்து, எத்தனை நிமிடம் தள்ளி இருக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். நாலைந்து ஜோடி போதும். காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

### எல்லா ஜோடியிலும் ஒரே வித்தியாசம்

இது கடிகாரக் கோளாறு. யாரும் தப்பாக எழுதவில்லை. சுவர்க் கடிகாரம், மானிட்டர், டீஃபிப், கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றும் தன் போக்கில் ஓடுகிறது. டீஃபிப்பின் நேரத்தைக் கடைசியாக எப்போது சரிசெய்தார்கள் என்று பல வார்டுகளில் யாருக்குமே தெரியாது.

அன்றைக்கே போய்ச் சரிபாருங்கள். நாள் தள்ளினால் யாராவது கடிகாரத்தைத் திருத்திவிடுவார்கள், ஆதாரம் போய்விடும். கைபேசியில் வரும் நெட்வொர்க் நேரத்தை அளவாக வைத்து, சுவர்க் கடிகாரம், டீஃபிப், மானிட்டர் மூன்றும் எவ்வளவு முன்னே பின்னே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தாளில் தாமதப் பதிவாக (பின்னால் சேர்த்தது என்று குறித்து) ஒரு வரி சேருங்கள்: "டீஃபிப் கடிகாரம் சுவர்க் கடிகாரத்தைவிட 7 நிமிடம் முன்னே இருந்தது. இன்ன தேதி, இன்ன நேரத்தில் சரிபார்க்கப்பட்டது." கீழே உங்கள் பெயர், கையெழுத்து. ஏற்கெனவே எழுதிய நேரங்களில் கை வைக்க வேண்டாம்.

இனிமேல் வராமல் தடுக்க நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. டீஃபிப்பை ஆன் செய்ததும் தாளில் ஒரே ஒரு வரி: "டீஃபிப் ஆன். சுவர் 2:12, டீஃபிப் 2:19." எழுத ஐந்து வினாடிகூட ஆகாது. இரண்டு கடிகாரமும் எவ்வளவு தப்பாக ஓடினாலும், அந்த ஒரு வரி இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்துவிடும்.

### வித்தியாசம் ஒவ்வொன்றிலும் மாறுகிறது

ஒன்று, இரண்டு பேர் இரண்டு கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள். அப்படியென்றால் கையெழுத்து மாறும் இடத்தில் வித்தியாசமும் மாறும். இல்லாவிட்டால், முடிந்த பிறகு நினைவிலிருந்து எழுதியிருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க நிமிடத்தின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்து எழுதுபவர் 2:17, 2:23 என்று எழுதுவார். நினைவிலிருந்து எழுதுபவர் 2:15, 2:20, 2:25 என்று எழுதுவார். வரிசையாகப் பூஜ்யமும் ஐந்துமாக வந்தால், எழுதியவரிடம் தன்மையாகக் கேளுங்கள். பெரும்பாலும் உடனே ஒத்துக்கொள்வார்கள். அந்தப் பகுதி நினைவிலிருந்து எழுதியது என்பதைத் தாளிலேயே குறித்துவிட்டால் அது நேர்மையான பதிவுதான்.

### வித்தியாசம் சரியாக ஒரு மணி, அல்லது பன்னிரண்டு மணி

ஒரு மணி என்றால், கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் அந்தக் கருவியை மாற்ற மறந்திருப்பார்கள். பன்னிரண்டு என்றால் காலை, மாலைக் குழப்பம். 24 மணி முறையில் எழுதினால் தீர்ந்தது. நள்ளிரவைத் தாண்டும் தாளில் 00:00க்கு ஒரு கோடு போட்டுப் புதுத் தேதியை எழுதுங்கள்.

### எப்போது ஆளைக் கூப்பிடுவது

கருவியின் கடிகாரம் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால், அல்லது பேட்டரி மாற்றியதும் தேதி பல வருடம் பின்னால் போய் நின்றால், பயோமெடிக்கல் இன்ஜினியரிடம் சொல்லுங்கள். நேரத்தைக் காப்பாற்றும் உள் பேட்டரி தீர்ந்திருக்கலாம், அது வார்டில் திறந்து பார்க்கும் வேலை இல்லை. லேப் கணினி ஒரு நேரமும் வார்டு கணினி ஒரு நேரமும் காட்டினால் அது ஐடி பிரிவின் வேலை.

## அறிகுறி 2: நடுவில் எட்டு நிமிடம் காணவில்லை

2:16க்கு ஒரு வரி. அடுத்த வரி 2:24. இடையில் எதுவும் நடக்காமலா இருந்திருக்கும்?

பேனா, தாள். சிரிக்காதீர்கள், எனக்கு முதலில் தோன்றும் காரணம் இதுதான். க்ராஷ் கார்ட்டில் (அவசர மருந்தும் கருவியும் வைத்த தள்ளுவண்டி) தாள் தீர்ந்திருக்கும், பேனா எழுதாது, எழுத அடியில் அட்டை இருக்காது. கார்ட்டைத் தினமும் சரிபார்க்கும் பட்டியலில் "கிளிப் போர்டு, கயிற்றில் கட்டிய பேனா, இரண்டு வெற்றுத் தாள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பேனாவைக் கிறுக்கிப் பார்த்த பிறகு டிக் போட வேண்டும்.

எழுதியவரை வேறு வேலைக்கு இழுத்துவிட்டார்கள். நான் பார்த்த வெற்றிடங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். "ரத்தச் சாம்பிளை ஓடிப் போய்க் கொடுத்துட்டு வா", "மயக்க டாக்டருக்குப் போன் போடு", "அவங்க வீட்டுக்காரங்களைக் கொஞ்சம் வெளியே உட்கார வை". ஒவ்வொன்றும் நியாயமான வேலைதான். ஆனால் கையில் தாள் வைத்திருப்பவர் ஒருவர், போனவரும் அவரே.

ஒரு இரவு இப்படித்தான் ஆனது. தாளை எங்கேயோ வைத்துவிட்டு மருந்து எடுக்கப் போன இளம் செவிலியர், திரும்பி வந்து தாள் கிடைக்காமல், இடது கையுறையின் மேலேயே பேனாவால் நேரங்களை எழுதிக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்ததும் பழக்கதோஷத்தில் கையுறையைக் கழற்றினார். உள்ளே வெளியே திரும்பிச் சுருண்டுவிட்டது. குப்பைக்கூடைக்கு அருகில் நின்றுகொண்டு, "அக்கா, அஞ்சு டைம் எழுதினேன்" என்றார். புதுக் கையுறை போட்டுக்கொண்டு, அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஐந்தில் மூன்றுதான் படிக்க முடிந்தது. அந்தப் பெண் அழுதார். அவர் எதையும் அலட்சியமாகச் செய்யவில்லை. அந்த வேலை அவருடையது மட்டும்தான் என்று அன்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதனால் இதற்கான தீர்வு: ஷிஃப்ட் தொடங்கும்போதே இன்று கோட் வந்தால் யார் எழுதுவது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். கோட் நடக்கும்போது குழுவை நடத்தும் டாக்டர் "யார் எழுதுறீங்க?" என்று ஒருமுறை கேட்டு, பதில் வந்த பிறகே மேலே போகட்டும். அமெரிக்க இதயச் சங்கத்தின் பயிற்சியில் ஆறு பேர் குழுவில் நேரம் பார்த்துக் குறிப்பெடுப்பது ஒரு தனி ஆளின் வேலையாகவே வைக்கப்பட்டிருக்கிறது. மருந்துக்கு அடுத்த நேரம் எப்போது என்று சொல்வதும், நெஞ்சழுத்தம் (நெஞ்சைக் கையால் அழுத்துவது) நிற்கும் இடைவெளிகளைக் குறிப்பதும் அவருடைய பொறுப்பு. ஆள் குறைவு என்றால் வெளியே ஓடுவதற்கு வேறு யாரையாவது கூப்பிடுங்கள். எழுதுபவர் நகரக் கூடாது. இந்த வேலையை வந்து ஒரு வாரம் ஆன மாணவரிடம் கொடுத்துவிடவும் வேண்டாம். மருந்தின் பெயர் தெரிந்தவர், மூத்த டாக்டரிடமும் "நேரம் ஆச்சு" என்று தயங்காமல் சொல்லக்கூடியவர் வேண்டும்.

எழுதுபவருக்குக் கேட்கவில்லை, தெரியவில்லை. க்ராஷ் கார்ட்டுக்குப் பின்னால், சுவரோரமாக நின்றால் மானிட்டரும் தெரியாது, மருந்து போடுபவர் சொல்வதும் கேட்காது. படுக்கையின் கால்மாட்டில், குழுவை நடத்துபவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

தாளே சரியில்லை. கட்டங்கள் அதிகமானால் எதில் எழுதுவது என்று தேடியே நேரம் போய்விடும். சந்தேகம் இருந்தால் ஒத்திகை வைத்துப் பாருங்கள். இந்தத் தாளை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, பத்து நிமிட நிகழ்வு ஒன்றை அதே வேகத்தில் வாசியுங்கள். எந்தக் கட்டத்தில் அவர் பேனா தயங்கி நிற்கிறதோ அங்கேதான் குறை. படிவத்தை மாற்றுவது உங்கள் வார்டு மட்டும் முடிவெடுக்கும் விஷயமில்லை. குறித்து வைத்ததைத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிடமோ உயிர்மீட்புக் குழுவிடமோ கொண்டுபோங்கள்.

சரி, ஏற்கெனவே விழுந்துவிட்ட வெற்றிடத்தை என்ன செய்வது? கருவிகளிடம் கேளுங்கள். டீஃபிப்பின் நினைவகத்தில் ஷாக் நேரமும் ஈசிஜியும் இருக்கும். மானிட்டரில் பழைய அளவுகள் இருக்கும். மருந்து பம்பில் தொடங்கிய நேரம் இருக்கும். லேப்பில் சாம்பிள் வந்த நேரம், தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் கோட் அழைப்பு வந்த நேரம், இப்படிப் பொறுக்கியெடுத்து, எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு தாமதப் பதிவாகச் சேருங்கள். எங்கும் கிடைக்காவிட்டால் "2:16 முதல் 2:24 வரை பதிவு இல்லை" என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய வரியைவிட அந்த வரி நோயாளிக்கும் உங்களுக்கும் நல்லது.

## அறிகுறி 3: மருந்துக் கணக்கு உதைக்கிறது

தாளில் அட்ரினலின் நான்கு. தட்டில் காலி ஆம்பியூல் (மருந்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பி) ஏழு. அல்லது நேர்மாறாக.

முதலில் எதிர்பார்க்கும் எண்ணிக்கையைப் போட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கு 1 மில்லிகிராம், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. 20 நிமிடம் நடந்து, முதல் டோஸ் இரண்டாவது நிமிடத்தில் போயிருந்தால், மூன்று நிமிடக் கணக்கில் 7, ஐந்து நிமிடக் கணக்கில் 4. ஆக 4 முதல் 7 வரை எது வந்தாலும் நம்பலாம். ஷாக் கொடுக்கும் ரிதம் (மானிட்டரில் தெரியும் இதயத் துடிப்பின் வகை) என்றால் முதல் அட்ரினலின் சில நிமிடம் தள்ளித்தான் போகும், எண்ணிக்கை சற்றுக் குறையும். தாளில் 2 அல்லது 11 என்றிருந்தால் மட்டும் கீழே போங்கள்.

- தாளில் குறைவு, ஆம்பியூல் அதிகம். நாடி திரும்பிய பிறகு டிரிப்பில் கலக்க உடைத்த ஆம்பியூல்களும் அதே தட்டில் விழுந்திருக்கும். டிரிப் எழுதிய தாளோடு ஒத்துப்பாருங்கள். உடைத்து ஏற்றி வைத்து, போடாமல் விட்ட சிரிஞ்சும் இருக்கலாம். மருந்து ஏற்றியவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.
- தாளில் அதிகம், ஆம்பியூல் குறைவு. டாக்டர் "அட்ரினலின்" என்று சொன்னதும் ஒருமுறை, போட்டதும் ஒருமுறை எழுதியிருப்பார்கள். இரண்டு வரிக்கு நடுவே ஒரு நிமிடமோ அதற்கும் குறைவோ இருந்தால் இதுதான்.
- எண்ணிக்கை சரி, அளவு புரியவில்லை. "1 ஆம்ப்" என்று எழுதியிருப்பார்கள். 1 மில்லிகிராம் மருந்து 1 மில்லியிலும் வரும், 10 மில்லி நிரப்பிய சிரிஞ்சிலும் வரும். எப்போதும் மில்லிகிராமில் எழுதுங்கள்.
- அமியோடரோன் (இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்து) கட்டம் குழப்பமாக இருக்கிறது. மூன்றாவது ஷாக்குக்குப் பிறகு 300 மில்லிகிராம், தேவைப்பட்டால் பின்னர் 150. ஷாக் வரியே இல்லாத தாளில் அமியோடரோன் கட்டத்தில் குறி இருந்தால், அட்ரினலின் வரிசைக்குப் போக வேண்டியது தவறிப்போய் அந்தக் கட்டத்தில் விழுந்திருக்கலாம். அல்லது ஷாக்குகள் விடுபட்டிருக்கலாம். டீஃபிப் நினைவகம் தீர்ப்புச் சொல்லும்.

இது திரும்பாமல் இருக்க இரண்டு பழக்கம் போதும். மருந்து போடுபவர் ஊசியை எடுத்ததும் "அட்ரினலின் 1 மில்லிகிராம், போட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். எழுதுபவர் "2:18, மூணாவது" என்று திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். "போட்டாச்சு" கேட்காமல் பேனா தாளில் படக் கூடாது. இரண்டாவது, காலி ஆம்பியூலுக்கென்று ஒரு கிட்னி ட்ரே. அறையை ஒதுக்க வருபவர்களிடம் அதைத் தொட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எண்ணி முடிக்காமல் அந்தத் தட்டு அறையைவிட்டுப் போகக் கூடாது.

கணக்கில் வராதது மயக்க, வலி மருந்துகளைப் போலக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து என்றால் நீங்களே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த ஷிஃப்டிலேயே பொறுப்புச் செவிலியருக்கும் மருந்தகத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி 4: எல்லாம் அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கிறது

அட்ரினலின் 2:15, 2:18, 2:21, 2:24, 2:27. ஒரு நிமிடம் பிசகவில்லை. கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கிறது. தாளில் ஒரு துளி சலைன்கூடப் படவில்லை.

டைமர் வைத்து நடத்தும் குழுவில் நெஞ்சழுத்தத்தின் இரண்டு நிமிடச் சுற்றுகள் ஒழுங்காகத்தான் வரும், அதைச் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் மருந்து, ஷாக், ரத்தச் சாம்பிள் எல்லாமே அப்படி வந்தால், பெரும்பாலும் அது பார்த்து எழுதிய ஃபேர் காப்பி. நல்ல எண்ணத்தில் செய்திருப்பார்கள், கிறுக்கலைக் கோப்பில் வைக்கக் கூடாது என்று. அந்தக் கிறுக்கல்தான் நமக்கு வேண்டியது. அதை வாங்கி, ஃபேர் காப்பியோடு சேர்த்துப் பின் செய்யுங்கள். கிழித்துப் போட்டுவிட்டார்கள் என்றால், எது எப்போது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று ஃபேர் காப்பியின் மேலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

நடந்ததை எழுதாமல், நடந்திருக்க வேண்டியதை எழுதியிருப்பது தெரிந்தால், விஷயம் பெரியது. திருத்த முயலாதீர்கள், கண்டிக்கவும் வேண்டாம். செவிலியர் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோங்கள்.

## அறிகுறி 5: எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை

"தொடக்கம்" என்ற கட்டத்தில் ஒருவர் 2:05 என்கிறார், இன்னொருவர் 2:08 என்கிறார். இருவரும் சரியாக இருக்கலாம். ஒருவர் நோயாளி சுயநினைவின்றிக் கிடந்ததைப் பார்த்த நேரத்தைச் சொல்கிறார். மற்றவர் கோட் அழைப்பு போன நேரத்தைச் சொல்கிறார்.

ஒரே பெயரில் வேறு வேறு விஷயத்தை எண்ணும் இந்தச் சிக்கல் உலகம் முழுக்க இருந்தது. 1990இல் நார்வேயில் ஸ்டாவாங்கர் அருகே உட்ஸ்டைன் மடத்தில் மருத்துவர்கள் கூடி, எதை எப்படிப் பதிவது என்று பேசினார்கள். அதிலிருந்து பிறந்த உட்ஸ்டைன் முறை 1991இல் வெளியானது. மருத்துவமனைக்குள் நடக்கும் நிகழ்வுகளுக்கான வடிவம் 1997இல் வந்தது.

அதிலிருந்து வார்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: "தொடக்கம்" என்ற ஒரு கட்டத்தை உடைத்து, தனித்தனியாக எழுதுங்கள். கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம், விழுந்ததை யாராவது நேரில் பார்த்தார்களா, கண்டுபிடித்த நேரம், கோட் அழைத்த நேரம், நெஞ்சழுத்தம் தொடங்கிய நேரம், முதல் ரிதம், முதல் ஷாக். எழுதுபவர் வருவதற்கு முன் நடந்தவற்றை, முதலில் போய்ச் சேர்ந்தவரிடம் அங்கேயே, அடுத்த சுற்று முடிவதற்குள் கேட்டுவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து அவருக்கே நினைவிருக்காது.

## அறிகுறி 6: ரிதம் கட்டம் காலி

ஷாக் 200 ஜூல் என்று இருக்கிறது. எதற்காக என்று இல்லை.

அறையில் யாருமே ரிதத்தை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லோரும் மானிட்டரைப் பார்த்தார்கள், எல்லோருக்கும் புரிந்தது, எழுதியவருக்கு மட்டும் கேட்கவில்லை. எழுதுபவர் ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் "ரிதம் என்ன டாக்டர்?" என்று கேட்கட்டும். விஎஃப் (இதயக் கீழறை நடுக்கம்), நாடியில்லாத விடி (கீழறை அதிவேகத் துடிப்பு), பிஇஏ (மின்னலை உண்டு, நாடி இல்லை), அசிஸ்டோல் (மின்னலையே இல்லை) என்ற நான்கில் ஒன்று, அல்லது நாடி உண்டு. அதைப் பார்க்க நெஞ்சழுத்தம் 10 வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்பதால், அந்த வினாடிகளையும் எழுதுபவரே எண்ணிச் சொன்னால் இரண்டு வேலை ஒன்றாக முடியும். விடுபட்டதை டீஃபிப் பட்டையிலிருந்து எடுக்கலாம். ரிதத்தின் பெயரை டாக்டர் பார்த்துச் சொல்லிக் கையெழுத்திடட்டும்.

## அறிகுறி 7: தாள் பாதியில் முடிந்துவிடுகிறது

நாடி திரும்பியதும் அறையில் எல்லோருக்கும் மூச்சு வருகிறது. அந்த நிமிடத்தில்தான் தாளைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கடைசி வரி "நாடி உண்டு" என்று இருக்கும், நேரம் இருக்காது.

நாடி திரும்பியிருந்தால் நேரம், ரிதம், ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு அளவு எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது திடீரென்று ஏறிய நேரம் மிக முக்கியம், பல சமயம் நாடியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே அது சொல்லிவிடும். அடுத்த 20 நிமிடம் தாளை விடாதீர்கள். அதற்குள் மறுபடி நின்றால் அதே நிகழ்வின் தொடர்ச்சி, அதே தாளில் எழுதுங்கள். 20 நிமிடம் நிலைத்த பிறகு நின்றால் புது நிகழ்வு, புதுத் தாள்.

நிறுத்தியிருந்தால் நிறுத்திய நேரம், அப்போதைய ரிதம், முடிவெடுத்த டாக்டர், இறப்பை அறிவித்த நேரம். நிறுத்தியதும் அறிவித்ததும் வேறு வேறு நேரமாக இருக்கலாம், இரண்டையும் எழுதுங்கள். குடும்பத்தாரிடம் யார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்பதையும் சேருங்கள். "எத்தனை மணிக்கும்மா போனாரு?" என்று கதவருகே நின்று கேட்ட ஒரு மகளுக்கு இரண்டு பேர் இரண்டு நேரம் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். அவர் முகத்தை நான் மறக்கவில்லை.

உயிர்மீட்பு வேண்டாம் என்ற முடிவு ஏற்கெனவே இருந்தது நடுவில் தெரிய வந்தால், அதைச் சொன்னவர் யார், எத்தனை மணிக்கு, டாக்டர் என்ன முடிவு செய்தார் என்ற மூன்றையும் எழுதுங்கள்.

## அறிகுறி 8: கணினியில் எல்லா வரிக்கும் ஒரே நேரம்

பதினாறு வரி, பதினாறுக்கும் 3:02. எல்லாம் முடிந்த பின் உட்கார்ந்து ஏற்றியிருக்கிறார்கள். கணினி ஏற்றிய நேரத்தைப் போட்டிருக்கிறது, நடந்த நேரத்துக்கான கட்டத்தை யாரும் மாற்றவில்லை. ஒவ்வொரு வரியையும் திறந்து, காகிதத்தைப் பார்த்து நடந்த நேரத்தை மாற்றுங்கள். ஏற்றிய நேரமும் மாற்றியவர் பெயரும் பின்னணியில் பதிவாகும், அதனால் மறைக்க ஒன்றுமில்லை. காகிதத்தை ஸ்கேன் செய்து சேர்த்துவிடுங்கள்.

நடந்த நேரத்துக்குத் தனிக் கட்டமே இல்லையென்றால் ஐடி பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். மாற்றும்வரை கோட் நடக்கும்போது காகிதம்தான் என் சிபாரிசு. வேறொருவர் லாகினில் பதிவு போயிருந்தால் அன்றே மேலதிகாரியிடம் சொல்லுங்கள்.

## அறிகுறி 9: அடித்தல், வெளுத்த பட்டை

தப்பாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி, நேரம், கையெழுத்து. அடியிலிருப்பது படிக்கத் தெரிய வேண்டும். ஒயிட்னர் கூடவே கூடாது.

டீஃபிப் பட்டை வெப்பத்தாள். வெயிலிலும் சூட்டிலும் மங்கும், மேலே செலோடேப் ஒட்டினாலும் எழுத்து போய்விடும். அன்றே நகல் எடுத்து, நகலில் நோயாளி எண்ணை எழுதிக் கோப்பில் வையுங்கள். ஏற்கெனவே வெளுத்திருந்தால் கருவியின் நினைவகத்திலிருந்து மறுபடி எடுக்க முடியுமா என்று பயோமெடிக்கல் பிரிவிடம் சீக்கிரம் கேளுங்கள். புது நிகழ்வுகள் சேரச் சேரப் பழையவை அழிந்துவிடக்கூடும்.

## குழந்தை என்றால் கூடுதலாகப் பார்ப்பது

டோஸ் புரியவில்லை என்றால் முதல் வரியில் எடை இருக்கிறதா என்று பாருங்கள். அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், எடை இல்லாமல் எந்த டோஸையும் சரிபார்க்க முடியாது. நிறுத்துப் பார்த்ததா, நீளத்தை அளக்கும் நாடாவில் பார்த்ததா, பெற்றோர் சொன்னதா என்பதையும் எழுதுங்கள்.

பிறந்த குழந்தைக்கு நேரம் பிறந்த கணத்திலிருந்து ஓடுகிறது, சுவர்க் கடிகாரத்தோடு வார்மரில் (குழந்தையைச் சூடாக வைக்கும் கருவி) உள்ள டைமரையும் குறியுங்கள். அப்கார் மதிப்பெண் (பிறந்த குழந்தையின் நிலையை அளப்பது) 1, 5 நிமிடங்களில் எழுத வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் 7க்குக் கீழே இருந்தால் 20 நிமிடம் வரை ஐந்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பின்னால் ஊகித்து நிரப்பாதீர்கள். அந்தந்த நேரத்து இதயத்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் எழுதப்பட்டிருந்தால் அதுவே போதுமான சாட்சி.

## இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்

குடும்பத்தார் புகார் கொடுத்துவிட்டார்கள், காவல்துறை விசாரணை, அல்லது வழக்கு என்று தெரிந்த பிறகு மேலே சொன்ன எந்தத் திருத்தத்தையும் நீங்களாகச் செய்யாதீர்கள். தாமதப் பதிவுகூட வேண்டாம். நல்ல மனதோடு சேர்த்த ஒரு வரிகூட அப்போது மாற்றி எழுதியதாகத்தான் தெரியும். தாள், கிறுக்கல், பட்டை, நகல் எல்லாவற்றையும் அப்படியே உறையில் போட்டு, மருத்துவக் கண்காணிப்பாளர் மூலம் ஆவணப் பிரிவிடம் ஒப்படையுங்கள். டீஃபிப்பை அடுத்த நோயாளிக்கு எடுப்பதற்கு முன் அதன் நினைவகத்தை நகலெடுக்கச் சொல்லுங்கள். உறையில் என்னென்ன இருந்தன, யார் கையில், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.